கொண்டார், கொடுத்தார், செய்துவைத்தார்

ஆங்கிலத்தில் திருமணத்தைக் குறிக்க மிகுதியாக வழங்கும் வினைச்சொல் 'மேரி' என்பதாகும். பள்ளிப் பிள்ளைகள் தொடக்க வகுப்புகளிலேயே கற்றுவிடும் எளிய சொல் இது என்றாலும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பட்டப்படிப்பை முடித்த பின்னும் தடுமாறும் சொற்களுள் ஒன்றாகவே இருந்துவருகிறது. ஒரு திருமணத்தில் செய்பவர் யார், யாருக்காகச் செய்யப்படுகிறது, முன்னின்று முடித்துவைப்பவர் யார் என்பவற்றைத் தமிழ் தனித்தனி வினைகளால் பிரித்துச் சொல்கிறது. ஆங்கிலம் அவை அனைத்தையும் ஒரே வினைக்குள் அடக்கிவிடுகிறது. இந்த வேறுபாட்டின் ஆழத்தை அறிய விரும்புவோருக்குக் காரைக்காலைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. காவிரிப் படுகையின் கடற்கரையில், தமிழ்நாட்டு மாவட்டங்களால் சூழப்பட்டுப் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் மாவட்டமாக விளங்கும் இவ்வூர், 1739இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1954 நவம்பர் 1 அன்று இந்தியாவோடு நடைமுறையில் இணைந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியும் இணைந்தது. அதனால் இங்கே திருமணம் என்னும் ஒரே நிகழ்ச்சி தமிழில் பேசப்பட்டும், பிரெஞ்சில் பதியப்பட்டும், ஆங்கிலத்தில் சட்டமாக்கப்பட்டும் வந்திருக்கிறது.

ஆங்கில வினையின் பொருள்களை முதலில் நோக்கலாம். 'ரவி மேரீட் மாலா' என்னும் தொடரில் ரவி எழுவாய், மாலா செயப்படுபொருள். ரவி மாலாவை மணந்தான் என்பது பொருள். இதையே திருப்பி 'மாலா மேரீட் ரவி' என்றாலும் நிகழ்ச்சி மாறுவதில்லை, இலக்கணமும் பிறழ்வதில்லை. ஆணுக்கு ஒரு வினை, பெண்ணுக்கு வேறொரு வினை என்ற பாகுபாடு இச்சொல்லில் இல்லை. இருவரையும் சேர்த்து எழுவாயாக்கி, செயப்படுபொருளே இல்லாமல், அவர்கள் ஜூன் மாதத்தில் மணந்துகொண்டார்கள் என்ற பொருளில் ஆள்வது இரண்டாவது வழக்கு. மூன்றாவது வழக்கில் மணமக்கள் செயப்படுபொருளாகிவிட, பாதிரியாரோ பதிவாளரோ எழுவாயாக வருவார். நான்காவது வழக்கில் தந்தை எழுவாயாகி, மகளை இன்னாருக்கு மணம் செய்து கொடுத்தார் என்ற பொருள் பிறக்கும். இந்த நான்காவது வழக்கோடு 'ஆஃப்' என்னும் இடைச்சொல் சேர்ந்தால், சுமையை இறக்கிவைப்பது போலப் பெண்ணை ஒருவர் தலையில் கட்டிவிட்டார் என்ற கசப்பான தொனியும் வந்து சேரும்.

நான்கும் ஒரே வடிவில் வருவதால் ஆங்கிலத்தில் மயக்கம் நேர்வதுண்டு. பாதிரியார் என் தங்கையை 'மேரி' செய்தார் என்னும் ஆங்கிலத் தொடர், அவர் அவளை மணந்தார் என்றும் பொருள்படும், அவளுடைய திருமணத்தை நடத்திவைத்தார் என்றும் பொருள்படும். முன்பின் செய்தி தெரிந்தால்தான் எது என்று துணிய முடியும். தமிழில் இந்த மயக்கத்துக்கு இடமே இல்லை. திருமணம் செய்துகொண்டார், செய்துவைத்தார், செய்துகொடுத்தார் என்று முதன்மை வினையோடு சேரும் துணைவினை, அதாவது தன் பொருளை ஓரளவு இழந்து முன்வரும் வினையின் போக்கைக் காட்டும் வினை, ஐயத்தை முழுதும் நீக்கிவிடுகிறது. 'கொள்' என்பது செயலின் பயன் செய்தவரையே சேர்வதையும், 'வை' என்பது பிறருக்காக ஒரு செயல் நிறைவேற ஏற்பாடு செய்வதையும், 'கொடு' என்பது பயன் மற்றவரிடம் போய்ச் சேர்வதையும் காட்டுகின்றன. ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குபவர் இம்மூன்றில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும் என்பதால், மூலத்தில் மறைந்திருக்கும் செயலாளி யார் என்பதை அவர் முதலில் கண்டறிய வேண்டியவராகிறார்.

'மேரி' ஆங்கிலத்தின் சொந்தச் சொல் அன்று. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பின் ஆங்கிலத்துள் புகுந்த பிரெஞ்சுச் சொற்களின் வெள்ளத்தில், 'மரியே' என்ற பிரெஞ்சு வினையின் வழியாக அது வந்தது; அதற்கும் மூலம், கணவனைக் குறிக்கும் 'மரீத்துஸ்' என்ற இலத்தீன் சொல்லோடு தொடர்புடைய வினை. ஆங்கிலத்தின் பழைய சொந்தச் சொல் 'வெட்' என்பதாகும். பிணை, உறுதிமொழி, ஈடு என்ற பொருள்களைக் கொண்ட வேரிலிருந்து தோன்றிய அச்சொல், இன்று பேச்சில் அருகிவிட்டாலும் செய்தித்தாள்களின் குறுந்தலைப்புகளிலும், திருமணச் சடங்கைக் குறிக்கும் 'வெட்டிங்' என்ற பெயரிலும் வாழ்கிறது. சடங்குக்கு 'வெட்டிங்', அதன் பின் தொடரும் வாழ்க்கை நிலைக்கு 'மேரேஜ்' என்ற பிரிவினையை ஆங்கிலேயர் பெரும்பாலும் காப்பாற்றுகின்றனர். தமிழில் கல்யாணம் என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொதுவாக நிற்பதால்தான், மண்டபங்களின் பெயர்ப் பலகையிலும் பேச்சிலும் 'மேரேஜ்' இரண்டு பொருளிலும் இங்கே வழங்குகிறது.

தமிழ் எழுத்தில் எழுதும்போது ஒன்றுபோலவே தோன்றும் வேறு சொற்களையும் இங்கே பிரித்தறிய வேண்டும். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் பாத்திரங்கள் வியப்பாகவும் உறுதிகூறலாகவும் சொல்லும் 'மேரி' என்ற இடைச்சொல், கன்னி மரியாளின் பெயரிலிருந்து வந்தது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பழைய நகராட்சிக் கட்டடத்துக்கு மக்கள் வழங்கும் 'மேரி' என்ற பெயரோ, நகராட்சித் தலைவரைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்து, பெரியவர் என்னும் பொருளுள்ள இலத்தீன் வேருக்குச் செல்வது. பிரெஞ்சு முறையில் திருமணங்கள் அந்த 'மேரி'யில்தான் நடைபெறும் என்றாலும், இச்சொற்களுக்கு இடையே வேர் உறவு எதுவும் இல்லை.

பிரெஞ்சு மொழி தன் பழைய வினையை ஆங்கிலம் அளவுக்குத் தளர விடவில்லை. நிலைபெற்ற பிரெஞ்சில் 'மரியே' என்ற வினைக்கு எழுவாய் ஆகக்கூடியவர் தந்தையோ, நகராட்சித் தலைவரோ, குருவோதான். மணமகனோ மணமகளோ தாமே மணப்பதைச் சொல்ல வேண்டுமானால், தன்னைக் குறிக்கும் சொல்லொன்றை முன்னிட்டுச் 'சு மரியே' என்று ஆக்கவேண்டும் அல்லது 'எப்பூசே' என்ற வேறு வினையை நாடவேண்டும். அதாவது 'செய்துவைத்தார்', 'செய்துகொண்டார்' என்று தமிழ் காட்டும் வேறுபாட்டைப் பிரெஞ்சும் தன் வழியில் காக்கிறது. காரைக்காலில் தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சு கற்றோருக்கு இந்த இடம் இயல்பாகவே எளிதாக இருந்திருக்கும்; ஆங்கிலத்துக்கு வரும்போதுதான் தடுமாற்றம் நேரும். 'இன்னாரோடு மணந்துகொண்டார்' என்று தமிழும் பிரெஞ்சும் உடனிகழ்ச்சிப் பொருளில் சொல்வதால், இரண்டும் அறிந்தவர் ஆங்கிலத்திலும் 'மேரீட் வித்' என்று எழுதிவிடுகிறார். செயலைச் சொல்லும்போது ஆங்கிலத்தில் இடையே எதுவும் வராது. நிலையைச் சொல்லும்போது 'மேரீட் டு' என்றே வரும். 'வித்' வருமானால் அதன் பின் குழந்தைகளின் எண்ணிக்கையை எதிர்பார்ப்பதே அம்மொழியின் இயல்பு.

தமிழின் சொற்செல்வத்தைத் தனியாக நோக்கினால் இன்னும் பல செய்திகள் தெரியவரும். மணத்தல் என்பது பழந்தமிழில் கூடுதல், ஒன்றுதல் என்ற விரிந்த பொருளில் வழங்கி, பிரிதலைக் குறிக்கும் தணத்தலுக்கு எதிர்ச்சொல்லாக நின்றது. வரைதல் என்ற சொல் ஊரறிய மணந்துகொள்வதைக் குறித்தது. களவில் பழகும் தலைவனைத் தோழி மணந்துகொள்ளுமாறு வற்புறுத்துவதை வரைவு கடாதல் என்று அகப்பொருள் இலக்கணம் பெயரிட்டு ஒரு துறையாகவே வகுத்தது. தொல்காப்பியம் கற்பியலின் தொடக்கத்தில், உரிய சடங்கோடு, கொடுத்தற்கு உரியவர் கொடுக்க, கொள்ளுதற்கு உரிய தலைவன் தலைவியைக் கொள்வதே கற்பு என்று வரையறுக்கிறது. இந்த வரையறையைக் கூர்ந்து படிப்பவருக்கு, அதில் இரண்டு வினைகளும் இரண்டு செய்பவர்களும் இருப்பதும், தலைவி அவ்விரு வினைகளுக்கும் செயப்படுபொருளாக மட்டுமே இருப்பதும் புலப்படும். இது தமிழுக்கு மட்டும் நேர்ந்தது அன்று. 1549இல் வெளியான ஆங்கிலத் திருச்சபையின் வழிபாட்டு நூலும், இப்பெண்ணைக் கொடுப்பவர் யார் என்று குரு கேட்கும் கேள்வியைத் திருமணச் சடங்கில் வைத்திருந்தது. எனினும் அதே சடங்கில் மணமகனும் மணமகளும் தனித்தனியே, ஒரே வினையைக் கொண்டு, ஒருவரையொருவர் ஏற்பதாகத் தம் வாயால் சொல்லவும் வேண்டியிருந்தது.

கொடுத்தலும் கொள்ளுதலும் காவிரிப் படுகையின் அன்றாடப் பேச்சில் இன்றும் உயிரோடு உள்ளன. இரு குடும்பங்களுக்கு இடையே தொடர்ந்து திருமண உறவு நிலவுவதைக் கொள்வினை கொடுப்பினை என்கிறார்கள். பெண்ணைத் திருநள்ளாற்றில் கொடுத்திருக்கிறது, பையனுக்கு நாகூரில் பெண் எடுத்திருக்கிறது என்று பேசுகையில், கொள்பவர் ஓர் ஆளாகக்கூட இல்லாமல் ஓர் ஊராகவே ஆகிவிடுகிறார். காரைக்காலைச் சுற்றி அயல்நாட்டு எல்லையும் சுங்கச் சாவடியும் இருந்த காலத்திலும் அந்த எல்லையைக் கடந்து பெண் எடுப்பதும் கொடுப்பதும் நின்றுவிடவில்லை. நெடுங்காட்டிலும் நிரவியிலும் திருமலைராயன்பட்டினத்திலும் வாழ்ந்த குடும்பங்களுக்கு அந்த எல்லை அரசினர் வகுத்தது, உறவு அதற்கு மூத்தது.

தமிழ் வழக்குகளில் மிகுந்த கவனத்துக்கு உரியவை இரண்டு. ஒன்று, 'வாழ்க்கைப்படு' என்ற வினை. இன்ன ஊரில், இன்னாருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று பெண்ணைப் பற்றி மட்டுமே சொல்லப்படும் இதற்கு ஆண்பால் வடிவம் வழக்கில் இல்லை. பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீட்டுக்குச் செல்லும் பெண்ணின் முழு வாழ்வும் இடம் மாறுவதைச் சுருங்கச் சொல்லும் ஆழமான சொல் இது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனுள் இருக்கும் 'படு' என்ற துணைவினை, அடிபடுதல், துன்பப்படுதல் ஆகியவற்றில் போலவே, செய்பவரை மறைத்து, நேர்வதை ஏற்பவரை மட்டும் காட்டுகிறது. மற்றொன்று, அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்னும் தொடர். இதில் கல்யாணம் எழுவாயாக நிற்க, மணப்பவர் நான்காம் வேற்றுமை ஏற்று, பசியும் காய்ச்சலும் வந்தடையும் ஒருவரைப் போல, நிகழ்ச்சி வந்தடையும் இடமாக ஆகிவிடுகிறார். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக வழங்குவது, குற்றம் சொல்லத்தக்கதும் அன்று. ஆனால் திருமணத்தைப் பற்றித் தமிழர் மிகுதியாகச் சொல்லும் தொடரில் செய்பவர் என்று ஒருவருமே இல்லை என்பது மொழியைக் கடந்து சிந்திக்க வேண்டிய உண்மை.

காரைக்காலுக்குப் பெயர் தேடித் தந்த திருமணக் கதையும் இதே கோணத்தில் படிக்கத் தகுந்தது. சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகச் சொல்லும் காரைக்கால் அம்மையார் வரலாற்றில், வணிகர் தனதத்தனின் மகள் புனிதவதியை, நாகப்பட்டினத்து நிதிபதியின் மகன் பரமதத்தனுக்குப் பெரியோர் பெண் கேட்டு வர, தந்தை மகளைக் கொடுக்கிறார். ஒரே மகள் என்பதால் புகுந்த வீட்டுக்கு அனுப்பாமல், மருமகனைக் காரைக்காலிலேயே குடிவைக்கிறார். இறையருளால் அவள் கையில் மாங்கனி வந்த அதிசயத்தைக் கண்டு அஞ்சிய பரமதத்தன் கடல் வாணிகத்தைச் சாக்காகச் சொல்லிப் பிரிந்து, பாண்டிநாட்டில் வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயரிட்டு வாழ்கிறான். உறவினர் அவளைப் பல்லக்கில் அழைத்துச் சென்று அவனிடம் சேர்க்க முயல, அவன் குடும்பத்தோடு அவள் காலில் விழுகிறான். கேட்டார்கள், கொடுத்தார், கொண்டான், நீங்கினான், அழைத்துச் சென்றார்கள் என்று இந்தத் திருமணத்தை நடத்தும் வினைகள் அனைத்துக்கும் பிறரே எழுவாய். கணவனுக்காகத் தாங்கிய உடல் தனக்கு வேண்டாம் என்று இறைவனிடம் கேட்டுப் பேயுருவைப் பெறும் இடத்தில்தான் புனிதவதி இந்த உறவைப் பற்றிய ஒரு முடிவைத் தானே எடுக்கிறாள். ஆண்டுதோறும் ஆனி மாதத்தில் நடைபெறும் மாங்கனித் திருவிழாவில், பரமதத்தனை மாப்பிள்ளை அழைப்போடு வரவேற்று, திருக்கல்யாணம் நடத்தி, பிச்சாண்டவர் வீதி உலாவில் மாங்கனிகளை வாரி இறைக்கும் காரைக்கால் மக்கள், முறிந்துபோன அந்தத் திருமணத்தையும் முழு அன்போடு ஊர்த் திருமணமாகக் கொண்டாடுகிறார்கள்.

சட்டத்தின் மொழிக்கு வருகையில் இவ்வினைகளின் வேறுபாடு சொற்களஞ்சியச் செய்தியாக மட்டும் நில்லாமல், மனிதர்களின் உரிமையைத் தீர்மானிப்பதாக ஆகிறது. பிரெஞ்சு இந்தியாவில் 1819இல் பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, இந்துக்களும் இசுலாமியரும் கிறித்தவருமான இந்தியர்களுடைய குடும்ப விவகாரங்கள் அவரவர் சாதி, சமய வழக்கங்களின்படியே தீர்க்கப்படும் என்ற உறுதியும் உடன் தரப்பட்டது. 1881 செப்டம்பர் 21 ஆணை மற்றொரு வழியைத் திறந்தது: விரும்பும் இந்தியர் தம் வழக்கச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பின்கீழ் வரலாம். அவ்வாறு துறந்தவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டனர்; அவர்கள் புதிய குடும்பப் பெயரையும் ஏற்றனர். காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வரும் உரிமைக்காக 1873இல் போராடிய புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை இவ்வழியில் முன்னணியில் நின்று, வாயில் என்னும் பொருள்தரும் லப்போர்த் என்ற பெயரைச் சூடிக்கொண்டார்.

துறந்தவருக்குத் திருமணம் என்பதன் இலக்கணமே மாறியது. பிரெஞ்சுச் சட்டத் தொகுப்பின்படி, மணமக்கள் இருவரும் 'எத்தா சிவில்' எனப்படும் குடிநிலைப் பதிவேட்டின் அதிகாரி முன்பு நேரில் நின்று, ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் கொள்ள விரும்புவதாக ஒருவர் பின் ஒருவராகச் சொல்ல வேண்டும். அதைக் கேட்ட பின் அதிகாரி அவர்கள் இணைக்கப்பட்டதைச் சட்டத்தின் பெயரால் அறிவிப்பார். தந்தை கொடுப்பதற்கு அங்கே வினை இல்லை. கோயிலிலோ தேவாலயத்திலோ நடக்கும் சடங்கு சட்டத்தின் கண்ணில் திருமணத்தை ஆக்குவதும் இல்லை. கொள்ளுதல் என்ற ஒரே வினை, அதுவும் இருவருக்கும் பொதுவாக. குடும்பத்தாரும் சாதியாரும் முடிவுசெய்துவந்த ஒன்றில், இளம்பெண் ஒருத்தி அதிகாரி ஒருவர் முன் தன் வாயால் ஒப்புதல் சொன்னால்தான் திருமணம் நிறைவேறும் என்பது, அந்த ஒப்புதலுக்குப் பின்னால் எவ்வளவு நெருக்குதல் இருந்திருந்தாலும், இந்நிலப்பகுதியின் சமூக வரலாற்றில் பெரிய மாற்றம். அந்த மாற்றத்துக்கு உரிய கவனம் இன்னும் கிடைக்கவில்லை என்றே சொல்ல வேண்டும்.

இணைப்புக்குப் பின்னும் இந்தப் பிரிவு நீடிக்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் 1963இல் புதுச்சேரிப் பகுதிக்கு நீட்டிக்கப்பட்டபோது, அது ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று தனி உட்பிரிவே சேர்க்கப்பட்டது. எனவே காரைக்காலில் ஒரே தெருவில், ஒரே கோயிலை வணங்கும் இரு இந்துக் குடும்பங்களுள், பாட்டனார் துறப்பு ஆவணத்தில் கையெழுத்திட்டிருந்தால் ஒன்றுக்கு ஒரு சட்டமும், கையெழுத்திடாத மற்றொன்றுக்கு வேறொரு சட்டமும் என்ற நிலை ஏற்பட்டது. இணைப்பு உடன்படிக்கை 1962இல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கோ, இங்கு நடந்த திருமணத்தைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சுத் துணைத்தூதரகத்தின் வழியாகப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்வது இன்றியமையாத வேலையாக இருக்கிறது.

இசுலாமியரின் நிக்காஹ் இதே வினைகளை வேறு முறையில் அமைத்துள்ளது. பெண்ணின் தரப்பில் 'வலி' எனப்படும் பொறுப்பாளர் இன்ன மஹருக்கு, அதாவது மணக்கொடைக்கு, மணம் செய்து கொடுப்பதாகச் சொல்வது ஈஜாப், மணமகன் ஏற்றுக்கொண்டதாகச் சொல்வது கபூல். இவ்விரண்டும் சாட்சிகள் முன் நிகழ்ந்து ஜமாஅத்தின் தப்தரில் பதியப்படுகின்றன. பெண்ணின் சம்மதம் முன்னதாகவே கேட்டறியப்பட்டாலும், சபையில் ஒலிப்பவை கொடுத்தலும் ஏற்றலுமே. கத்தோலிக்கர் மூன்று முறை திருமண அறிவிப்பு ஓலை வாசித்த பின் நடத்தும் திருமணத்தில், அருட்சாதனத்தை ஒருவருக்கொருவர் வழங்குபவர்கள் மணமக்களே என்பதும் குரு திருச்சபையின் சாட்சி என்பதும் இலத்தீன் வழிபாட்டு மரபின் கோட்பாடு. சாமியார் கல்யாணம் செய்துவைத்தார் என்று ஊர் பேசினாலும், கோட்பாட்டின்படி செய்துகொண்டவர்கள் அவர்களே.

தமிழ்நாட்டின் சட்ட வரலாறு இந்த வினையை நேரடியாகவே எடுத்து ஆராய்ந்திருக்கிறது. பெரியார் 1928 முதல் பரப்பியதும் வாழ்க்கைத் துணைநல ஒப்பந்தம் என்று அவரே பெயரிட்டதுமான சுயமரியாதைத் திருமணம், சடங்கும் புரோகிதரும் இல்லாமையால் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அண்ணா தலைமையிலான அரசு 1967இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்து, முன்னர் நடந்த இத்தகைய திருமணங்களையும் செல்லுபடியாக்கியது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் எந்த மொழியிலும், ஒருவர் மற்றவரை மனைவியாக அல்லது கணவனாக ஏற்பதாக அறிவிப்பதோ, மாலை மாற்றுவதோ, மோதிரம் அணிவிப்பதோ, தாலி கட்டுவதோ போதும் என்கிறது அப்பிரிவு. தாலி கட்டுவது ஒருவர் செய்ய மற்றவர் ஏற்பது. மாலை மாற்றுவதும் வாயால் அறிவிப்பதும் இருவரும் செய்வது. பழைய வினையை விலக்காமல் புதிய வினைகளை அதற்குச் சமமாக அருகில் வைத்த இச்சட்டத்தின் சொல்லாட்சி போற்றத்தக்கது. இத்தகைய திருமணத்துக்கு ஊரறியும் விழாவோ பொது அறிவிப்போ கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தெளிவுபடுத்தியது. குடும்பத்தாரின் எதிர்ப்புக்கு அஞ்சி மணப்பவர்களுக்கு அந்தத் தெளிவு உயிர்காப்பாகவே அமையக்கூடியது.

ஆங்கில வினைக்குத் திருமணத்தைக் கடந்த பொருளும் உண்டு. இரு சுவைகளையோ, கருத்தையும் வடிவத்தையுமோ பிரிக்க இயலாதவாறு சேர்ப்பதை 'மேரி' என்பர். கப்பலோட்டிகள் இரண்டு கயிறுகளை ஒன்றாகப் பிணைப்பதையும் அவ்வாறே வழங்கினர். தமிழில் இந்த இடங்களில் இணைத்தல், குழைத்தல், பிணைத்தல் என்றே எழுதுவது நல்லது. மணம் முடித்தல் என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் வாசகர் மயங்குவார்.

அன்றாடத் தமிழ் எழுத்திலும் வினைகள் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. கட்டிக்கொள்ளுதல் ஒரு காலத்தில் தாலி கட்டும் ஆணுக்கே உரியதாக இருந்தது. இன்று, அவனைத்தான் கட்டிக்குவேன் என்று பெண் சொல்வது எவருக்கும் இலக்கணப் பிழையாகத் தோன்றுவதில்லை. மாறாதிருப்பது அழைப்பிதழின் நடை. மணமக்களுக்குத் திருமணம் செய்விப்பதாகப் பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டு என்று நீளும் அத்தொடரில், செய்விப்பவரும் நிச்சயிப்பவரும் பெற்றோரும் பெரியோருமே. மணப்பவர்கள் எழுவாயாக வருவதில்லை. திருமணத்தைப் பதிவு செய்யச் செல்பவர்கள் அந்த அழைப்பிதழைச் சான்றாக இணைப்பது வழக்கம். அதனோடு சேர்ந்த விண்ணப்பத்தில், தாங்கள் ஒருவரையொருவர் மணந்துகொண்டதாக அவ்விருவரும் தனித்தனியே கையெழுத்திடுகிறார்கள். பதிவாளர் இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துத் தைக்கிறார்.